ஒன்பது காட்டிய திரை

இறந்த அப்பாவுக்காக நான் ஜெபம் சொல்ல யூத ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். ஜெப ஆலயத்தில் என்னோடு பத்துப் பேர் இருந்தோம். யார் யூதர் என்று ரபிகள் சபை தினமும் முடிவுசெய்து அனுப்பும் பட்டியல்படி, உள்ளே இருப்பவர்களை எண்ணிச் சுவர்த்திரை காட்டும். அது ஒன்பது என்றது. விடுபட்டவர் யார் என்று சொல்லாது.

ஒவ்வொருவராக வெளியே போய் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் எட்டானது. கடைசியாக நான் போய்க் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். ஒன்பது.

நேற்றுக்கூட நான் கணக்கில் இருந்தேனே! அப்பா இருந்தாரா?

பக்கத்து வீட்டு ஸெவுலோன் தன் ஜெபச் சால்வையால் திரையை மூடினார்.

"மணி எட்டாயிடுச்சு அமித்தாய். உள்ள வந்து ஆரம்பி."

ஆரம்பித்தேன். ஒன்பது பேர் ஆமென் என்றார்கள். ஜெபம் சொல்லும் பத்தாவது குரல் யாருடையது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.