பக்கத்து வீட்டு அம்மாவின் தமிழ்

ஓய்வு பெற்ற துப்பறியும் அதிகாரி வெளிநாட்டில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தும், அந்த ஊர் பாஷையில் 'காலை வணக்கம்' தவிர எதுவும் அவர் நாக்கில் படியவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா மாடிப்படியில் தவறி விழுந்து செத்ததாகப் போலீஸ் முடித்துவிட்டது. அவளோ அடக்கம் செய்த மறுநாளிலிருந்து தினமும் காலையில் வந்து இவர் எதிரே உட்கார்ந்துகொள்கிறாள். உயிரோடு இருந்தவரை ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவளுக்கு, இப்போது தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

"என் தம்பிதான் தள்ளிவிட்டான் சார். அவனுக்கு வீடு வேணுமாம்."

சாட்சி பேசும்போது குறுக்கே பேசுவது இவர் வழக்கமில்லை. முழுசாகக் கேட்டு மகளிடம் சொன்னார்.

"இதைப் போய் போலீஸ்ல நான் எப்படிப்பா சொல்றது?" என்று அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

இன்று அந்த அம்மாவோடு எதிர்க்கடை ரொட்டிக்காரரும் வந்து உட்கார்ந்தார். கையெல்லாம் மாவு.

"நான் பார்த்தது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு சார்" என்றார், நல்ல தமிழில்.

இவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். எதிரே அதே ரொட்டிக்காரர் உயிரோடு கடையைத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அந்த அம்மாவின் தம்பி.

செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் ரொட்டிக்காரரின் கையைப் பிடித்தார். தம்பியைச் சுட்டிச் சுட்டிக் காட்டினார். வாயில் வந்ததெல்லாம் "காலை வணக்கம், காலை வணக்கம்!"

அறிமுகம் செய்துவைக்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று ரொட்டிக்காரர் தம்பியை முன்னால் இழுத்துவிட்டார்.

அவனும் சிரித்தபடி, மரியாதையாக, காலை வணக்கம் சொன்னான்.