லைன் நிக்காத ஊர்

இந்தோனேசியாவின் தெர்னாத்தே தீவுக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். சிங்கப்பூரிலிருந்து திரையில் பேசிக்கொண்டிருந்தாள் மார்வா. கிளவுட் கம்ப்யூட்டிங்கில் முனைவர் பட்டத்தை முடிக்கப்போகிறவள். மூன்றாவது தடவையாக லைன் அறுந்தது.

கூப்பிட்டனுப்பிய டெக்னீஷியன் ஜுனைத் மேசைக்கடியில் புகுந்தான்.

"இன்னொரு தடவை போச்சுன்னா இவங்களை விட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடலாம்," என்றார் துறைத்தலைவர் பாக் ருஸ்லி. 'பாக்' என்றால் அந்த ஊரில் 'ஐயா'.

தளர்ந்திருந்த வயரை ஜுனைத் அழுத்திப் பிடித்ததும் குரல் திரும்பி வந்தது. அதற்கப்புறம் அவன் கையை எடுக்கவே இல்லை.

"உங்க ஆராய்ச்சி என்னம்மா?"

"பல ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும், பாக். நடுவுல தொடர்பு அறுந்தா, அந்தப் பக்கம் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டாம எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? அதுதான் என் கேள்வி."

"எவ்வளவு நேரமாம்?"

"கம்ப்யூட்டர்னா சில நொடி. மனுஷங்க அஞ்சு வருஷம்கூடக் காத்திருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மேசைக்கடியில் சிரிப்பில்லை.

"பெரிய கம்பெனியெல்லாம் உங்களைக் கூப்பிடுமே. லைன்கூட நிக்காத ஊருக்கு ஏன் வர்றீங்க?"

"அந்த லைன்லதான் தினமும் என் வீட்டுக்காரர்கூடப் பேசுறேன், பாக். பாதிப் பேச்சுதான் காதுல விழுது. மீதியைப் பக்கத்துல உக்காந்து கேக்கணும்."

"அவர் சம்மதிச்சுட்டாரா?"

"மனு போட்டதே அவருக்குத் தெரியாது. கிடைச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

மேசைக்கடியிலிருந்து கரகரத்த குரல் வந்தது.

"தெரிஞ்சுபோச்சு, மார்வா."

பாக் ருஸ்லி குனிந்து பார்த்தார். ஜுனைத் வயரை விடாமல், தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சம்மதம்னு எழுதிக்குங்க, பாக்."