முந்திரிக்கு மருந்து வேளை

கரடியின் வயிற்றெரிச்சலை முதலில் கொட்டிக்கொண்டது தாடிக்காரக் கிடாதான். கிடாவின் டீக்கடையில் ஆறு வருஷம் டீ ஆற்றிய கரடி, தான் வளர்த்த அணில் முந்திரிக்குக் காய்ச்சல் என்று அரை நாள் லீவு கேட்டது.

"அணிலுக்கெல்லாம் லீவா? செத்தா இன்னொண்ணு பிடிச்சுக்கோ" என்று சிரித்தது கிடா.

முந்திரி எப்படியோ பிழைத்தது. கரடி அந்த வாரமே வேலையை உதறிவிட்டு, எதிரிலேயே தள்ளுவண்டியில் சொந்தமாக டீ போட ஆரம்பித்தது.

இந்த மழைக்கு முந்திரி மறுபடி படுத்துக்கொண்டது. "மணிக்கு மூணு சொட்டு, ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது" என்றார் கொக்கு வைத்தியர். கரடி யாரிடமும் கையேந்தாமல் மருந்து வாங்கியது. அடுப்புச் சூடு படும்படி முந்திரியின் கூடையை வண்டியில் கட்டித் தொங்கவிட்டது.

மூன்றாம் நாள் கிடாவே வந்தது. "டேய் கரடி, ஸ்ட்ராங்கா ஒரு டீ. எங்க கடை டீயை வாயில வைக்க முடியலடா."

"மருந்து வேளை முதலாளி. கொஞ்சம் நில்லுங்க."

கிடா தாடி துடிக்க மழைத் தூறலில் நின்றது. மூன்றாவது சொட்டை விழுங்கிய முந்திரி, மெல்லத் தலையைத் தூக்கியது.

"அண்ணே, வர்க்கி இருக்கா?"

மூன்று நாளாக வாயே திறக்காத பிள்ளை! கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டு வர்க்கியைப் பிட்டுக் கொடுத்தது. பிறகு கிடாவுக்கும் குறை வைக்காமல் டீ ஆற்றியது.

"டீ பிரமாதம்டா" என்று சொல்லிவிட்டுக் கிடா நடந்தது.

'அணிலுக்கு இப்ப எப்படி இருக்கு?' என்று அன்றும் அது கேட்கவில்லை. கரடி அந்த கிளாஸை மட்டும் இரண்டு தரம் கழுவியது.