நேற்று வந்தவர்கள்

ஓய்வு பெற்றதும் லியாண்டரும் அவர் மனைவி மெல்வினாவும் ஒரு கேரவன் வாங்கிக்கொண்டு நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையைச் சுற்றிவரக் கிளம்பினார்கள். அதே தீவில் பிறந்திருந்தும் அந்தப் பக்கம் அவர்கள் போனதே இல்லை.

முதல் ஊரில் உப்பிட்ட மீனை உலர்த்திக்கொண்டிருந்தவர் வண்டியைக் கண்டதும் கையசைத்தார்.

"என்னப்பா லியாண்டர், நேத்துதானே வாங்கிட்டுப் போன? அதுக்குள்ள தின்னு தீத்துட்டியா?"

லியாண்டர் சிரித்து மழுப்பிவிட்டு மீன் வாங்கிக்கொண்டார். பெயர் எப்படித் தெரிந்தது என்று இருவருக்கும் புரியவில்லை.

அடுத்த ஊரில் ஒரு வீட்டுச் சமையலறையில் பாட்டும் கூத்துமாக இருந்தது; இவர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நேற்றுப் பாடியதையே இன்னொரு தடவை பாடச் சொல்லி, லியாண்டரிடம் அதன் முதல் அடியை எடுத்துக் கொடுத்தார்கள். கல்யாணமான புதிதில் மெல்வினாவுக்காக அவரே கட்டிய பாட்டு அது. வேறு யார் காதிலும் விழுந்ததில்லை.

மூன்றாவது ஊரில் தண்ணீர் பிடிக்க மெல்வினா மட்டும் இறங்கினாள். குழாய்க்குப் பக்கத்து வீட்டுக்காரி வந்து அவளைக் கட்டிக்கொண்டு, சூடான ரொட்டியைக் கையில் திணித்தாள்.

"பட்டினி கெடக்காத, கண்ணு. நேத்து நீ கறுப்பு உடுத்தித் தனியா வந்து நின்னதப் பாத்துட்டு எங்க வீட்ல யாருமே சாப்பிடல."

மெல்வினா திரும்பிப் பார்த்தாள். லியாண்டர் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏறியதும் வண்டிச் சாவியை உருவிக்கொண்டாள். "இங்கயே தங்கிடுவோம்."

"அடுத்த ஊர்ல நம்மளத் தேடுவாங்களே," என்று சிரித்தபடி அவர் சாவிக்காகக் கை நீட்டினார்.

மெல்வினா ரொட்டியைப் பிய்த்து அந்தக் கையில் வைத்தாள்.