ஆடாத டிஷ்

கரையில் கட்டிக் கிடந்தவரை விசைப்படகில் டிவி கண்ணாடி மாதிரி தெரிந்தது. கடலில் நங்கூரம் போட்டதும் நீரோட்டத்துக்குப் படகு திரும்பிக்கொண்டே இருக்க, படம் போய்விட்டது. கிளீட்டஸ் டிஷ்ஷைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேபின் கூரைமேல் நின்றான். படகு ஒரு பக்கம் திரும்பினால் அவன் மறுபக்கம் திருப்பினான். கீழே கேபினில் டிரைவர் மரியசூசையும் அவர் மச்சான் பெர்க்மான்ஸும். காலையிலிருந்தே இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"அண்ணே, வருதா?"

"இல்ல லே, இன்னும் திருப்பு," என்றார் மரியசூசை.

திருப்பினான். சட்டென்று கீழே வசவு, பாத்திரம் உருளும் சத்தம், மண்டையில் கட்டை இறங்கும் சத்தம். "ஐயோ, விட்ரு! விட்ரு!" சரியான சண்டைப் படம். கிளீட்டஸுக்குப் பெருமை தாங்கவில்லை. கை கடுத்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடி விழுந்துகொண்டே இருந்தது. பிறகு ஓய்ந்தது.

"அண்ணே, வருதா?"

மூச்சிரைக்கப் பதில் சொன்னது பெர்க்மான்ஸ். "தெளிவா வருது. அப்படியே நில்லு, அசையாத."

அப்போதுதான் கண்ணில் பட்டது. டிஷ்ஷில் அவன் திரும்ப மாட்ட மறந்த டிவி வயர், கேபினுக்கு வெளியே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ஏணியின் முதல் படி கிறீச்சிட்டது. கிளீட்டஸ் டிஷ்ஷை ஆடவிடவில்லை.