மிட்டாய்த் தண்ணி

சமையலறை அலமாரித் தட்டில் ரோஸ் நிறக் காய்ச்சல் மருந்து பாட்டில் பீற்றிக்கொண்டிருந்தது. "மருந்துன்னு சொல்லாதண்ணே. அம்மாவே பாப்பாகிட்ட என்னை 'மிட்டாய்த் தண்ணி'ன்னு சொல்லித்தான் ஊட்டினாங்க!"

பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளர் கீழே எட்டிப் பார்த்தது. மிட்டாய்த் தண்ணியைத் தேடி இரண்டு வயது மகிழினி முக்காலியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"டேய், மூடியை இறுக்கிப் பிடி! அவ்வளவையும் குடிச்சா பிள்ளை ஈரல் என்னத்துக்கு ஆகும்?"

"தேடி வந்த ரசிகைக்குக் கதவடைக்கறதா? போண்ணே!" என்று அது மூடியைத் தளர்த்தியது.

பிஞ்சுக் கை பாட்டிலைத் தொட்டது. டம்ளர் கண்ணை மூடிக்கொண்டு தலைகுப்புறக் குதித்தது. 'டணார்!'

அம்மா அலறியடித்து ஓடிவந்தாள். பாட்டிலைப் பிடுங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

நசுங்கிக் கிடந்த டம்ளருக்குப் பீரோவுக்குள்ளிருந்து பாட்டிலின் குரல் கேட்டது.

"அண்ணே, பாத்தியா! என்னை நகையோட வச்சிருக்காங்க!"