யாரும் இறங்காத பள்ளம்

கடைத்தெருவின் நடுவே சாக்கடை மூடி திறந்து கிடக்கிறது. பக்கத்தில் நிற்கும் வண்டிக்குள் மேஸ்திரி குனிந்து, சின்னத் திரையைக் கண் கொட்டாமல் பார்க்கிறார். விரிசல் விட்ட பழைய குழாய்க்குள் பிசின் ஊறிய துணிக்குழாயைச் செலுத்தி, காற்றால் உப்பவைத்து, மூன்று மணி நேரம் நீராவி பாய்ச்சிப் புதுக் குழாயாக இறுகவைத்தாயிற்று. இப்போது சக்கரம் வைத்த கேமரா உள்ளே உருண்டு போகிறது. அதன் வயர் கரகரவென்று அவிழ்கிறது. "எங்கயாவது பிதுங்கியிருக்கா, மேஸ்திரி?" என்று வெளியிலிருந்து கேட்கிறாள் இஞ்சினியர். அவர் திரைக்கு இன்னும் நெருங்கிக் குனிகிறார். ஆறு வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு குழாயை மாற்றத் தோண்டிய பள்ளம் சரிந்து, அவருடைய தம்பி உயிரோடு புதைந்துபோனான். திரையில் வெள்ளைச் சுவர் ஒரு சுருக்கமில்லாமல் வழவழவென்று நீண்டுகொண்டே போகிறது. கடைசியில் திறந்துவைத்த அடுத்த மூடியின் வெயில் வட்டமாகத் தெரிகிறது. "வந்துடுச்சு மேடம்! கண்ணாடி தோத்துது போங்க!" எதிர்க்கடைத் தையல்காரர் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருகிறார். "எப்பங்க தெருவைத் தோண்டப் போறீங்க?" "தோண்டுறதா? வேலையே முடிஞ்சுதுய்யா!" என்கிறார் மேஸ்திரி. சாக்கடைத் தண்ணீரைத் தடுத்துவைத்திருந்த அடைப்பை எடுத்ததும் புதுக் குழாய்க்குள் தண்ணீர் சலசலத்து ஓடுகிறது. ஆட்கள் விசிலடிக்கிறார்கள். அந்த விசிலையும் மீறி மேஸ்திரி, "ஒருத்தனும் பள்ளத்துல இறங்கலடா!" என்று தெரு அதிரக் கத்துகிறார். வண்டியில் சாத்திவைத்த மண்வெட்டிகளில் ஒரு பொட்டு மண் இல்லை.